மருந்துக்குக் கேட்காத கட்டிகள்

நோய் மருந்துக்குக் "கேட்கிறது" என்று சொல்வது நம் வழக்கம். "மூணு நாளா மாத்திரை போடுறேன், காய்ச்சல் கேட்கல" என்பார்கள். மருந்து ஏதோ சொல்கிறது, நோய் அதற்குச் செவிசாய்க்கிறது அல்லது சாதிக்கிறது என்ற கற்பனை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மார்பகப் புற்றுக்குக் கீமோ ஏற்றத் தொடங்கிய வீடுகளில் இதே சொல் வேறு கனம் பெற்றுவிடும். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பெண்கள். ஒரே அளவு கட்டி, ஒரே மருந்து, ஒரே இடைவெளி. நான்காவது சுற்று முடியும்போது ஒருவருக்குக் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. இன்னொருவருக்கு அது முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறது. ஏன் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு எந்த மருத்துவரிடமும் பதில் கிடையாது. இன்று பாதிப் பதில் இருக்கிறது. அந்தப் பாதி எப்படி வந்தது என்று திரும்பிப் பார்த்தால், கேள்வி மிகப் பழையது என்பதும், நடுவில் பல பத்தாண்டுகள் அதை யாரும் சீண்டவில்லை என்பதும் தெரிகிறது.

1895ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்த 33 வயதுப் பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். நோய் மார்பில், கத்தி வைத்தது வயிற்றில். இந்த யோசனையின் வேர் மாட்டுத் தொழுவத்தில் இருந்தது. கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது வெகுநாள் பால் தரும் என்று சில நாட்டு உழவர்கள் அறிந்திருந்தார்கள். அப்படியானால் மடிக்கும் சினைப்பைக்கும் ஏதோ ஒரு பேச்சுவார்த்தை இருக்கவேண்டும் என்று பீட்சன் ஊகித்தார். ஹார்மோன் என்ற சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை. எட்டு மாதங்களில் அந்தப் பெண்ணின் கட்டிகள் கரைந்துபோயின. அவர் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் செய்தி வெளியானதும் மற்றவர்களும் செய்துபார்த்தார்கள். 1900 வாக்கில் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் இருந்தது. மற்ற இருவர் வயிற்றில் வெட்டுப்பட்டதுதான் மிச்சம்.

மூவரில் யார் அந்த ஒருவர்? நவீன மருத்துவத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி இவ்வளவு தெளிவாக வந்து நின்றது அதுவே முதல் முறையாக இருக்கலாம். பதில் சொல்லும் கருவி இல்லாததால் கேள்வியைக் கிடப்பில் போட்டார்கள். அடுத்து வந்தது கத்தியின் காலம். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் காட்டிய வழியில் மார்பு, அதற்கடியில் உள்ள தசை, அக்குளின் நெறிகள் என எல்லாவற்றையும் வழித்தெடுத்தார்கள். இன்னும் ஆழமாக வெட்டினால் இன்னும் நன்றாகும் என்பதே முக்கால் நூற்றாண்டு நம்பிக்கை. பிறகு கீமோ வந்தபோது அதே நம்பிக்கை வெறும் சட்டையை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. இன்னும் கூடுதலாக ஏற்றினால் இன்னும் நன்றாகும்.

கீமோவின் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. அதை நாம் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. எல்லப்பிரகடா சுப்பாராவ் ஆந்திரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி வகுப்புக்குப் போனார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைத்திருக்கவேண்டிய மாணவர் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பின்னர் அமெரிக்கா போய், லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். உயிரணு பெருகுவதற்குத் தேவையான அந்த வைட்டமினைப் போலவே தோற்றம் காட்டி, உள்ளே போய் வேலையைக் கெடுக்கும் போலி மூலக்கூறுகளையும் அதே கூடம் தயாரித்தது. அவற்றில் ஒன்றைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, சிறிது காலத்துக்காவது நோய் அடங்குவதைக் கண்டார். அந்தச் செய்தி 1948 ஜூனில் அச்சேறியது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அவருடைய கூடத்தின் இன்னொரு பிள்ளை மெத்தோட்ரெக்சேட்.

அந்த மருந்து மார்பகப் புற்றுக்கு வந்து சேர்ந்தது இத்தாலியில். மிலான் நகரின் ஜியானி போனதோன்னா, கட்டியை வெட்டி எடுத்த பிறகும் அக்குள் நெறிகளில் நோய் பரவியிருந்த பெண்களுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். மூன்றின் முதலெழுத்துகளால் அதற்குச் சி.எம்.எஃப். என்று பெயர். 'சி' சைக்ளோஃபாஸ்ஃபமைட், போர்க்கள விஷமான மஸ்டர்ட் வாயுவின் வழிவந்தது. 'எம்' நம் சுப்பாராவின் வழி. 'எஃப்' ஃப்ளூரோயுராசில், 1957இல் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பர்கர் உருவாக்கியது. 1976இல் வந்த அறிக்கை உலகத்தையே உலுக்கியது. 27 மாதங்களில், மருந்து பெறாத 179 பெண்களில் 24 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்து பெற்ற 207 பேரில் 5.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். நூறு பெண்களுக்குக் கீமோ ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கால அளவுக்குள் ஏறத்தாழ 76 பேருக்கு மருந்து இல்லாமலே நோய் திரும்பியிருக்காது. ஐந்து பேருக்கு மருந்து போட்டும் திரும்பிவிட்டது. மருந்தால் தப்பியவர்கள் 19 பேர். அந்த 19 பேருக்காக நூறு பேரும் முடி இழந்தார்கள், வாந்தியெடுத்தார்கள், ரத்த அணுக்கள் சரியக் காய்ச்சலில் கிடந்தார்கள். போனதோன்னாவைக் குறை சொல்வதற்கில்லை. அந்த 19 பேர் யார் என்று அவரால் பார்க்க முடியாது, அவர்களைக் கைவிடவும் மனம் வராது. எல்லோருக்கும் கொடுப்பது ஒன்றே நேர்மையான வழி. சிக்கல் என்னவென்றால், வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு காலப்போக்கில் கொள்கையாக இறுகிவிட்டது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, நெறிகளில் நோய் இருக்கிறதா இல்லையா, மாதவிடாய் நின்றதா இல்லையா, ஹார்மோன் ஏற்பி உண்டா இல்லையா என்ற பேதமின்றிப் பெரும்பாலான பெண்களுக்குக் கீமோ பரிந்துரைத்தது.

இவ்வளவுக்கும் பீட்சனின் கேள்விக்குப் பதில் அதற்குள் வந்துவிட்டிருந்தது. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஏற்பி சில உறுப்புகளில் இருப்பதைக் காட்டினார். ஏற்பி உள்ள கட்டிதான் ஹார்மோன் சிகிச்சைக்குக் கேட்கும். 1987இல் டென்னிஸ் ஸ்லேமனும் சக ஆய்வாளர்களும் 189 கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஹெர்-2 என்ற மரபணு தேவைக்கு மேல் பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட நோய் மூர்க்கமாக இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அதற்கெனவே டிராஸ்டுசுமாப் வந்தது. இந்த இரண்டும் கட்டியின் குணத்தை அறிந்து கொடுக்கும் மருந்துகள். கீமோ மட்டும் பழைய மாதிரியே பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. சார்ல்ஸ் பெரூவும் ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த சகாக்களும் 42 பேரிடமிருந்து எடுத்த கட்டித் துணுக்குகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தை ஒரே நேரத்தில் அளந்தார்கள். மார்பகப் புற்று என்பது ஒரு நோய் கிடையாது, ஒரே இடத்தில் வரும் பல நோய்கள் என்று அந்தப் படம் காட்டியது. அதற்குள் இன்னொரு சங்கதியும் இருந்தது. இருபது கட்டிகளில் டாக்சோருபிசின் ஏற்றுவதற்கு முன்பும், பதினாறு வார மருந்துக்குப் பின்பும் என்று இரண்டு முறை துணுக்கு எடுத்திருந்தார்கள். நோயாளிகள் பயந்து நடுங்கும் அந்தச் சிவப்பு மருந்து நான்கு மாதம் ஓடிய பிறகும், ஒரு பெண்ணின் கட்டி பெரும்பாலும் தன்னுடைய பழைய முகத்தையே ஒத்திருந்தது. பக்கத்துப் பெண்ணின் கட்டியை ஒத்திருக்கவில்லை. மருந்து கடந்து போகிறது, கட்டியின் கைரேகை நிற்கிறது.

ஆனால் கேட்பதும் குணமாவதும் ஒன்றென்று நினைத்துவிடக்கூடாது. ஹார்மோன் ஏற்பி இரண்டும் ஹெர்-2ம் இல்லாத 'டிரிபிள் நெகடிவ்' கட்டிகளைப் பாருங்கள். அறுவைக்கு முன் கொடுக்கும் கீமோவில் இவைதான் சட்டென்று கரைபவை. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இத்தகைய கட்டிகளில் 27 விழுக்காடு சுவடின்றி மறைந்தன. ஏற்பி உள்ள வகையில் 7 விழுக்காடுதான். ஆனாலும் மொத்தத்தில் அதிகம் உயிரிழந்தவர்கள் முதல் வகையினர். முழுதாகக் கரைந்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். எச்சம் மிஞ்சியவர்களிடம் அந்த எச்சம் சீக்கிரமே திரும்பிவந்தது. கட்டி சுருங்கிவிட்டது என்று கேட்டதும் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். மருத்துவர் அப்போதும் முகத்தை இறுக்கமாக வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

மரபணு என்றதும் பொதுப்பேச்சில் எல்லோர் வாயிலும் வருவது பிராகா. மார்பகப் புற்று சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதைத் தன் மனைவியின் குடும்பத்தை வைத்தே பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1866இல் எழுதிவிட்டார். மேரி-கிளேர் கிங் அந்த மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் காட்டினார். 1994இல் அது பிடிபட்டது. யாருக்கு நோய் வரும் என்று சொல்லும் சோதிடமாகத்தான் அது முதலில் பார்க்கப்பட்டது. வந்த நோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுவே சொல்லும் என்று புரிய மேலும் பத்தாண்டுகளாயின.

கயிறு திரிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டி.என்.ஏ. இரண்டு புரி முறுக்கிய கயிறு. ஒரு புரி அறுந்தால் அதைச் சேர்க்க உயிரணுவில் ஒரு கைவினைஞர் இருக்கிறார், பார்ப் என்ற நொதி. இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால் அது பெரிய வேலை. பிராகா மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள்தான் அதைப் பிசகின்றி முடிக்கும். பிராகாவில் பிழையோடு பிறந்த பெண்ணின் உடலில், மிச்சமிருந்த நல்ல படியையும் இழந்த ஓர் உயிரணு, அறுந்த கயிற்றை ஒழுங்காக முடியத் தெரியாமல் பிழைமேல் பிழை சேர்த்துப் புற்றாகிறது. புற்றின் பிறப்பு இந்தக் குறையில்தான். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பிளாட்டினம் சார்ந்த மருந்துகள் இரண்டு புரிகளையும் பிணைத்துப் பூட்டிவிடும். அந்தப் பூட்டை அவிழ்க்கப் போனால் கயிறு அறும். முடியத் தெரிந்த நல்ல உயிரணு எழுந்துவிடும், முடியத் தெரியாத புற்றணு சாகும்.

ஊகம் அழகாக இருந்தது. சோதனையும் நடந்தது. பிரிட்டனில் நடந்த டி.என்.டி. ஆய்வு, முற்றிய நோயுள்ள 376 பேரில் சிலருக்கு கார்போபிளாட்டினும் சிலருக்கு டோசிடாக்செலும் கொடுத்தது. 2018இல் முடிவு வந்தது. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் இரு மருந்தும் சமம், மூன்றில் ஒருவருக்குக் கேட்டது. பிராகா பிழையைப் பிறப்பிலேயே சுமந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கார்போபிளாட்டினுக்கு 68 விழுக்காடு, டோசிடாக்செலுக்கு 33. சராசரி என்ற போர்வை எதையெல்லாம் மூடிவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே ஆய்வில் ஊகத்துக்கு ஓர் அடியும் விழுந்தது. மரபணுவில் பிழை இல்லாமல், அது வெறுமனே வாயடைக்கப்பட்டிருந்த கட்டிகளுக்கு இந்தக் கூடுதல் பலன் தெரியவில்லை. பார்ப் நொதியையும் முடக்கிவிட்டால் பிராகா இல்லாத உயிரணு தாங்காது என்பதை 2005இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அந்த வழியில் ஒலாபரிப் மாத்திரை மார்பகப் புற்றுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றணுவும் சும்மா இருப்பதில்லை. மருந்தின் நெருக்கடியில், உடைந்த பிராகாவைத் தானே ஒட்டவைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும் உயிரணுக்களை 2008லேயே ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டியின் மரபணு அல்லது கட்டியை உண்டாக்கிய மரபணு. மருந்தை வாங்கிக்கொள்ளும் உடம்பின் மரபணு இன்னொரு பக்கம். சி.எம்.எஃப்.-இன் 'எஃப்' மீண்டும் இங்கே வருகிறது. ஃப்ளூரோயுராசிலின் பெரும்பகுதியைக் கல்லீரலில் உள்ள டி.பி.டி. என்ற நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. 1993இல் ஜப்பானில் அக்கிக்கு சோரிவுடின் என்ற புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. அது குடலில் மாறி இந்த நொதியை அடியோடு முடக்கும் பொருளாகிறது. ஃப்ளூரோயுராசில் எடுத்துக்கொண்டிருந்த புற்று நோயாளிகள் அக்கிக்கு இதையும் விழுங்கினார்கள். சில வாரங்களுக்குள் 15 பேர் இறந்தார்கள். மருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த நோயாளிகளுக்கு வெளியிலிருந்து வந்த விபத்து, சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. டி.பி.டி. மரபணுவில் பிழையுள்ளவருக்கு வழக்கமான அளவே விஷம். இதே குடும்பத்து மாத்திரையான கேப்சிடாபைன் இன்று மார்பகப் புற்றுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. தொடங்குமுன் இந்தக் குறை இருக்கிறதா என்று பார்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் அறிவுறுத்தியது. குறை ஓரளவே இருந்தால் அளவைப் பாதியாக்கலாம். 1957இல் பிறந்த மருந்துக்கு 2020இல் அறிவுரை! பரபரப்பான புதுச் சோதனைகளுக்கு இருக்கும் வாய், உயிர் காக்கும் இந்த எளிய சோதனைக்கு இல்லை.

பரபரப்பு என்றதும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கதையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. ஒரு கட்டியின் மரபணு இயக்கத்தைப் படித்து எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என 2006இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. எல்லோரும் காத்திருந்த வரம் அதுதான். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் தங்கள் மருத்துவர்களுக்காக அதைச் செய்துபார்க்க முயன்றார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. துருவினார்கள். அட்டவணையில் மரபணுக்களின் பெயர்கள் ஒரு வரி கீழே இறங்கியிருந்தன, ஒவ்வொன்றும் பக்கத்து மரபணுவின் பெயரைச் சுமந்தபடி. சில இடங்களில் "கேட்கும்", "கேட்காது" என்ற அடையாளங்களே இடம் மாறியிருந்தன. அப்படியானால் அந்தச் சோதனையை நம்பும் நோயாளிக்குக் கேட்காத மருந்தைத் தேடிக் கொடுக்கும் வேலைதான் நடக்கும். நுரையீரல், மார்பகப் புற்று நோயாளிகளிடம் அதை வைத்துச் சோதனைகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. இருவரும் எழுதினார்கள், கேட்டார்கள், 2009இல் விரிவாக வெளியிட்டார்கள். நிறுத்திய சோதனைகளை விசாரணை முடிந்தது என்று டியூக் மறுபடி திறந்தது. 2010இல்தான் நிரந்தரமாக மூடினார்கள், மூலக்கட்டுரை 2011 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வை நடத்திய மருத்துவர் ஒருவர் முறைகேடு செய்ததாக அரசு அமைப்பு பின்னர் உறுதிசெய்தது. நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கலில் ஒரு வரி பிசகினால் ஒருவர் நிலம் இன்னொருவர் பேரில் போய்விடும். இங்கே பிசகிய வரி ஆளையே கொண்டுபோகும் வரி. ஆர்வக்கோளாறு இருந்த இடத்தில் மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பது எனக்கு அந்த ஒரு மருத்துவரின் தவறைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பொறுமையாக நடந்தவையும் உண்டு. ஏற்பி உள்ள, நெறியில் பரவாத கட்டிகளில் 21 மரபணுக்களை அளந்து மதிப்பெண் போடும் ஆன்கோடைப் சோதனை 2004இல் வந்தது. உடனே நம்பிவிடவில்லை. 10,273 பெண்களைச் சேர்த்து டெய்லர்-எக்ஸ் ஆய்வு நடந்தது. 2018இல் தெரிந்தது: நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள், கீமோவும் சேர்த்து எடுத்தவர்கள், இரு தரப்பும் ஒன்பது ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஒன்றே. நோயின்றி இருந்தவர்கள் 83.3 விழுக்காடு, 84.3 விழுக்காடு. போனதோன்னாவின் நூறு பேரில் மருந்து தேவைப்படாதவர்களில் ஒரு பெரும் கூட்டத்தை அடையாளம் காட்டியது இந்த ஆய்வு. மரபியல் இந்த நோய்க்குச் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதைவிட, எதைக் கொடுக்காமல் விடலாம் என்று சொன்னது.

ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் மட்டும், மதிப்பெண் பதினாறோ அதற்கு மேலோ இருந்தால், கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. அது ஏன் என்ற விவாதம் ஓயவில்லை. கீமோ இளம் பெண்ணின் சினைப்பையையும் ஓயவைத்துவிடும். அப்படிக் கிடைத்த பலன்தானோ இது, பீட்சன் கத்தியால் செய்ததை நாம் விஷத்தால் செய்துகொண்டிருக்கிறோமோ என்று பலருக்கும் சந்தேகம். சினைப்பையை மருந்தால் அடக்கிவிட்டுக் கீமோவைத் தவிர்க்கலாமா என்பதைப் பார்க்க இப்போது தனிச் சோதனையே நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நம் நாட்டுக் கணக்கு வேறாகிறது. இந்தியாவில் இந்த நோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே வருகிறது. டிரிபிள் நெகடிவ் வகையின் பங்கும் இங்கே கூடுதல். கீமோவைத் தவிர்க்கலாம் என்ற நற்செய்தி பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய, ஏற்பி உள்ள பெண்களுக்கானது. சோதனையின் விலையும் லட்சங்களில். பிழைகளின் பட்டியலும் அப்படியே இங்கே பொருந்துவதில்லை. டி.பி.டி.யில் வழக்கமாகத் தேடும் எழுத்துப்பிழைகள் ஐரோப்பியரிடம் கண்டெடுத்தவை. மறுபுறம், அஷ்கெனாசி யூதர்களிடம் அடிக்கடி காணும் பிராகா-1 பிழை ஒன்றைத் தென்னிந்தியப் பெண்களிடமும் கணிசமாகக் கண்டது சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வு. நம்மவர்களிடம் தேடினால்தான் நம்மிடம் இருப்பது தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு போத்தல் இருக்கிறது. சிறு நகரத்து மருத்துவமனையில் கட்டியை எடுத்ததும் அதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடவேண்டும். சதை மூழ்குமளவுக்கு நிறைய ஊற்றவேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேற்படாமலும் ஊறவேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த கட்டி, சின்னப் போத்தலில் பாதி நனைந்த நிலையில், யாரோ உறவினர் கையில் பேருந்தேறிப் புதன்கிழமை பெரிய ஊரின் லேபுக்கு வந்து சேர்ந்தால், ஏற்பி இருந்தும் இல்லை என்று காட்டும். ரிப்போர்ட்டில் "நெகடிவ்" என்று அச்சாகும். பத்து ஆண்டு மாத்திரையில் அடங்கியிருக்கவேண்டிய பெண் ஆறு சுற்றுக் கீமோவுக்குப் போவார். அந்தப் போத்தலின் மேல் எத்தனை மணிக்குக் கட்டி உள்ளே போனது என்று எழுதும் வழக்கம் நம் எத்தனை அறுவை அரங்குகளில் இருக்கிறது?